கணினி எழும்ப மறுத்தால் எதை முதலில் காப்பாற்றுவது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ உயர் குருதியமுக்கத்தைப் பற்றியோ பேசச் சொல்வதே வழக்கம். மலர்க்குழுத் தங்கைமார் என்னிடம் கேட்டது வேறு. "அக்கா, கொம்பியூட்டர் எழும்பாவிட்டால் என்ன செய்யவேணும் எண்டு எல்லாருக்கும் விளங்கிறமாதிரிச் சொல்லுங்கோ" என்றார்கள். அதற்குக் காரணம் உண்டு. இந்த மலருக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது சங்கத்தின் கணினி ஒருநாள் எழும்ப மறுத்தது. அதற்குள் என்ன இருந்தது, எதை மீட்டோம், எதை மீட்க முடியவில்லை என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

நான் கணினிப் பொறியியலாளர் இல்லை. மருத்துவ பீடத்தில் படித்த காலத்தில் விடுதியில் எவருடைய கணினி படுத்தாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். அன்று தொற்றிய பழக்கம் இன்னும் விடவில்லை. அந்த அனுபவத்தையும் என் தொழிலில் கற்ற ஒழுங்கையும் சேர்த்தே பேசுகிறேன்.

சொல்ல வந்த விடயம் ஒன்றுதான். கணினி எழும்பாதபோது நாம் எல்லோரும் அதை எப்படியாவது எழுப்பப் பார்க்கிறோம். ஆனால் கடையில் வாங்க முடியாதது கணினிக்குள் இருக்கும் படங்கள், கடிதங்கள், கணக்குகள், குரல்கள். ஆகவே முதற்கேள்வி "இதை எப்படி எழுப்புவது?" என்பதாக இருக்கக்கூடாது. "இதற்குள் இருப்பதற்கு வேறெங்காவது பிரதி இருக்கிறதா?" என்பதாக இருக்கவேண்டும். பிரதி இருந்தால் துணிந்து எந்தத் திருத்தமும் செய்து பார்க்கலாம். பிரதி இல்லையென்றால் ஒவ்வொரு அடியையும் நிதானமாக வைக்கவேண்டும்.

கணினி எப்படி எழும்புகிறது என்பதை எமது காலைப் பிரார்த்தனையை வைத்து விளங்கிக்கொள்ளலாம். முதலில் காவலாளி படலையைத் திறக்கிறார். அதுதான் மின்சாரம் வருவது. பிறகு மாணவத் தலைவிகள் ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்து எல்லோரும் வந்துவிட்டார்களா என்று சரிபார்க்கிறார்கள். கணினியும் தன் நினைவகம், விசைப்பலகை, திரை எல்லாம் இருக்கின்றனவா என்று சில விநாடிகளில் தானே சோதிக்கிறது. இந்த வேலையைச் செய்வது தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய செய்நிரல். பழைய கணினிகளில் அதற்குப் பெயர் பயோஸ், புதியவற்றில் யூஈஎஃப்ஐ. சோதனை முடிந்ததும் அது தன் கையில் உள்ள ஒரு பட்டியலைப் பார்க்கிறது. இயங்குதளத்தை எங்கே தேடுவது, முதலில் வன்தட்டிலா, பென் டிரைவிலா என்ற ஒழுங்கு அதில் இருக்கும். அந்த இடத்தில் இருக்கும் தொடக்கச் செய்நிரலை அது எழுப்ப, அந்தச் செய்நிரல் விண்டோஸை எழுப்புகிறது. அதிபர் மேடைக்கு வந்து பிரார்த்தனை தொடங்குவதைப்போல உங்கள் திரை அதன் பின்னர்தான் வருகிறது.

இந்தச் சங்கிலியில் எந்த வளையம் அறுந்தாலும் எமக்குத் தெரிவது "கணினி எழும்பவில்லை" என்ற ஒன்றுதான். வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவர் "டொக்டர், ஏலாமல் கிடக்குது" என்று சொல்வதைப் போன்றது இது. அதை வைத்துக்கொண்டு மருந்து எழுத முடியாது. என்ன ஏலாமல், எப்போது இருந்து, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டாகவேண்டும்.

கணினியிடமும் அதே வரலாற்றைக் கேளுங்கள். கடைசியாக எப்போது ஒழுங்காக வேலை செய்தது? அதன் பிறகு கீழே விழுந்ததா? இடி மின்னலோ மின்வெட்டோ வந்ததா? விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது யாராவது சுவிச்சை அணைத்தார்களா? புதிதாக ஏதாவது பூட்டினீர்களா? சில நாட்களாகவே ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரம் எடுத்ததா? பதில்களை ஒரு தாளில் எழுதுங்கள். திரையில் வரும் வாசகத்தைக் கைத்தொலைபேசியால் படம் எடுத்து வையுங்கள். திருத்துபவரிடம் கொடுக்கும்போது இந்தத் தாளும் படமும் அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

அடுத்தது கண்ணாலும் காதாலும் பார்க்கும் பரிசோதனை.

வெளிச்சமே வரவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் பழுது பெரும்பாலும் வன்தட்டில் இல்லை. பிளக், வயர், மடிக்கணினியானால் சார்ஜர், மேசைக்கணினியானால் மின்வழங்கிப் பெட்டி என்று பாருங்கள். உள்ளே இருக்கும் தரவு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டினால் எல்லாம் தெரியக்கூடும்.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் திரையின் வயரையும் நினைவகப் பலகையையும் சந்தேகிக்கலாம். இதுவும் வன்தட்டு நோய் அல்ல.

திரையில் எழுத்து வருகிறது, "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ "ஒப்பரேற்றிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்" என்றோ சொல்கிறது என்றால், தேடிய இடத்தில் இயங்குதளத்தைக் காணவில்லை என்று பொருள். இதைக் கண்டு பலர் பயந்துவிடுவார்கள். முதலில் கணினியில் செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி காட், வெளி வன்தட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை போடுங்கள். பட்டியலில் பென் டிரைவ் முதலில் இருந்தால், கணினி வெறும் பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக் களைத்துப்போய் நின்றிருக்கும். இதனால் மட்டுமே "செத்துப்போன" எத்தனையோ கணினிகள் ஒரு நிமிடத்தில் எழும்பியிருக்கின்றன.

அடுத்தது தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய வட்டப் பற்றரி. சில்லறைக் காசு அளவில் இருக்கும், 3 வோல்ற், சீஆர்2032 என்று கேட்டால் கடையில் தருவார்கள். பல வருடங்கள் போனதும் அது தளர்ந்துவிடும். அப்போது கணினி திகதியை மறந்து பழைய வருடம் ஒன்றைக் காட்டும், தன் அமைப்புகளையும் மறந்துவிடும். எந்த இடத்தில், எந்த முறையில் விண்டோஸைத் தேடவேண்டும் என்பதும் அதோடு மறந்துபோகலாம். கணினி எழும்பாததோடு திகதியும் பிழையாக இருந்தால் இந்தப் பற்றரியை நினையுங்கள்.

பிறகு பயோஸ் திரைக்குள் போய் வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கலாம். கணினியைப் போட்டவுடன் எஃப்2, டிலீற் போன்ற ஒரு விசையை அழுத்தவேண்டும். கம்பனிக்குக் கம்பனி விசை மாறும். பெயர் தெரிந்தால் நாடித்துடிப்பு இருக்கிறது. தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் வயர் தளர்ந்திருக்கலாம், அல்லது தட்டே போயிருக்கலாம். எங்கள் ஊர் வெக்கைக்கும் தூசிக்கும் வயர் இணைப்புகள் கறள் பிடிப்பது புதினம் இல்லை. மின் இணைப்பை முழுதாகத் துண்டித்துவிட்டு வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினாலே சரிவருவதும் உண்டு. இந்தத் திரையில் பார்ப்பதோடு நின்றுகொள்ளுங்கள். தெரியாத அமைப்பு எதையும் மாற்றவேண்டாம். வன்தட்டோடு பேசும் முறையை மாற்றிவிட்டால் நல்ல விண்டோஸும் நீலத்திரை காட்டி நின்றுவிடும்.

விண்டோஸ் சின்னம் வந்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் தொடக்கக் கோப்புகள் பழுதாகியிருக்கலாம். விண்டோஸ் இரண்டு தடவை தொடர்ந்து எழும்பத் தவறினால், அடுத்த தடவை தானாகவே திருத்தும் திரைக்குப் போகும். அதில் "ஸ்ராட்டப் ரிப்பேர்" என்று ஒன்று இருக்கும்.

சிலவேளை நீலத்திரையில் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். அது பிற்லொக்கர் என்ற பூட்டு. கணினி களவு போனாலும் உள்ளே இருப்பதை மற்றவர் பார்க்க முடியாதபடி தரவு முழுவதையும் மறைகுறியாக்கி வைத்திருக்கிறது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நாம் அறியாமலே இது போடப்பட்டிருக்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ற் கணக்கில் இருக்கும். வேறொரு கணினியிலோ தொலைபேசியிலோ உள்நுழைந்து எடுக்கலாம். சாவி இல்லையென்றால் எந்தத் திருத்துநராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும், கணினி சுகமாக இருக்கும்போதே, அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதிக் காணி உறுதி வைக்கும் பெட்டியில் வையுங்கள்.

இனி வருவதுதான் அவசர சிகிச்சைப் பிரிவு. "டிக், டிக்" என்று ஒழுங்காகத் தட்டும் சத்தம், உரசும் சத்தம், அல்லது சுற்றத் தொடங்கி நிற்கும் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொருமுறை போட்டுப் பார்க்கவேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். சுழலும் வன்தட்டுக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகின்றன. 7200 என்றால் ஒரு விநாடிக்கு 120 சுற்று. அதற்கு மேலே ஒரு சிறிய தலை, தட்டைத் தொடாமல், காற்றில் மிதந்தபடி வாசிக்கிறது. இக்காலத் தட்டுகளில் அந்த இடைவெளி 10 நனோமீற்றருக்கும் குறைவு. எனக்குத் தெரிந்த அளவுகோலால் சொன்னால், இன்புளுவென்சா வைரசின் விட்டமே ஏறத்தாழ 100 நனோமீற்றர். வைரஸ்கூட நுழைய முடியாத இடைவெளியில் அந்தத் தலை ஓடிக்கொண்டிருக்கிறது. அது பழுதாகித் தட்டைத் தொட்டால், ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் படங்கள் இருக்கும் பூச்சையே சுரண்டும். ஒவ்வொரு "இன்னொருக்காப் போட்டுப் பாப்பம்" என்பதும் இன்னும் சில ஆயிரம் சுரண்டல்கள்.

இதே காரணத்தால்தான் வன்தட்டை வீட்டில் திறக்கக்கூடாது. சத்திரசிகிச்சைக் கூடத்தை விடத் தூய்மையான அறையில் செய்யும் வேலை அது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் சரிவரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் எங்கள் காற்றின் ஈரம் உள்ளே படியும். மேசையில் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

சுழலாத வகையும் உண்டு. எஸ்எஸ்டி என்பார்கள். புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் அதுதான். வேகமானது, விழுந்தாலும் தாங்கும். ஆனால் அது போகும்போது சத்தம் போடாது. நேற்று இருந்தது, இன்று பயோஸில் பெயரே இல்லை என்று ஆகலாம். அதில் அழித்த கோப்புகளை மீட்பதும் கடினம். அழித்த இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துவிடும்.

இப்போது சங்கத்தின் கணினிக்கு வருவோம். அதற்குள் பழைய கல்லூரி மலர்களின் ஸ்கான் பிரதிகள் இருந்தன. விளையாட்டுப்போட்டி, நாடகம், பரிசளிப்பு விழாப் படங்கள் இருந்தன. மூத்த பழைய மாணவிகள் பதினொரு பேரிடம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எடுத்த குரல்பதிவுகள் இருந்தன. முதல்நாள் மாலை மின்வெட்டு. அடுத்தநாள் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேட்டபோது, சில வாரங்களாகவே கோப்புகள் திறக்கச் சுணங்கியதாகச் சொன்னார்கள். அந்த ஒரு பதில் எனக்குப் போதுமாக இருந்தது. மின்வெட்டு கடைசி அடி மட்டுந்தான். நோய் முன்பே தொடங்கியிருந்தது.

அந்த நிலையில் ஸ்ராட்டப் ரிப்பேர், செக்டிஸ்க் போன்ற திருத்தங்களை ஓடவிடக்கூடாது. அவை தட்டு முழுவதையும் தேய்த்துத் தேடும், கோப்புகளின் ஒழுங்கையும் மாற்றி எழுதும். தளர்ந்த நோயாளியை ஓடச்சொல்லிச் சோதிப்பதைப் போன்றது அது. முதலில் பிரதி, பிறகு திருத்தம்.

சத்தம் ஏதும் வரவில்லை, பயோஸில் பெயர் தெரிந்தது. ஆகவே வேறொரு நல்ல கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றினோம். இதை நீங்களும் செய்யலாம். 8 ஜிகாபைற்றுக்குக் குறையாத பென் டிரைவ் வேண்டும், அதில் முன்பு இருந்தவை அழிந்துபோகும். எழும்பாத கணினியில் அதைச் செருகி, போடும்போது தெரிவு விசையை அழுத்தவேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பீ என்றால் எஃப்9. பென் டிரைவைத் தெரிவுசெய்தால் கணினி அதிலிருந்து எழும்பும். "நிறுவு" என்பதைத் தொடாமல் "முயன்று பார்" என்பதை மட்டும் தெரிவுசெய்யவேண்டும். நிறுவினால் வன்தட்டில் இருப்பவை அழியக்கூடும். இப்படி எழும்பிய பிறகு பழைய வன்தட்டு ஒரு கோப்புறையாகத் திறக்கும். அதிலிருந்து ஒரு வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுக்கலாம்.

பிரதி எடுப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். வேறெங்கும் கிடைக்காதது முதலில். திரைப்படங்களும் பாட்டுகளும் கடைசியில், அல்லது வேண்டாம். நாங்கள் குரல்பதிவுகளில் தொடங்கி, பிறகு படங்கள், பிறகு மலர்கள் என்று போனோம். சில கோப்புகளில் கணினி உறைந்து நின்றது. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை முடித்தோம். தட்டு முழுவதையும் பிரதி எடுக்க டீடீரெஸ்கியூ என்ற செய்நிரலும் உண்டு. அதுவும் முதலில் நல்ல பகுதிகளை எடுத்துவிட்டு, பழுதான பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். விபத்தில் பலர் ஒன்றாக வந்தால் நாங்கள் நோயாளரை வகைப்படுத்தும் முறையும் இதுதான்.

அன்று இரவுக்குள் பெரும்பகுதி வந்துவிட்டது. திறக்காத படங்கள் சிலவற்றைக் கனடாவில் இருக்கும் ஓர் அக்கா மின்னஞ்சலில் திருப்பி அனுப்பினார். மாதங்களுக்கு முன் அவருக்குப் பார்க்க அனுப்பியவை அவை. குரல்பதிவுகளில் இரண்டு திறக்கவில்லை. ஒன்று, அதைப் பதிவுசெய்த பிள்ளையின் தொலைபேசியில் அழிக்கப்படாமல் இருந்தது. மற்றையதற்கு எங்கும் பிரதி இல்லை. அந்தப் பதிவில் பேசியவர் எம்மில் மூத்தவர்களில் ஒருவர். பதிவு எடுத்த சில மாதங்களில் காலமாகிவிட்டார். அவர் பாடிக்காட்டிய பழைய இல்லப் பாட்டின் மெட்டு இனி யாருக்கும் தெரியாது. இதற்கு எவரையும் நான் குறை சொல்லவில்லை. ஒரே இடத்தில் இருந்தது, அந்த இடம் போய்விட்டது, அவ்வளவுதான்.

பிரதி கையில் வந்த பிறகுதான் கணினியைத் திருத்தினோம். பழைய தட்டைக் கழற்றிப் புதிய எஸ்எஸ்டி பூட்டி, விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். ஒருமுறை இப்படி நோயுற்ற தட்டைத் திருத்தித் திரும்பப் பாவிக்கவேண்டாம். இன்று எழும்பினாலும் நாளைக்கு நம்பமுடியாது.

கடையில் கொடுக்கும்போது சில வார்த்தைகள் சொல்லவேண்டும். "உள்ளே இருப்பது எனக்கு முக்கியம். என்னைக் கேட்காமல் ஃபோமற் பண்ணவேண்டாம். பழைய தட்டை எனக்குத் திருப்பித் தாருங்கள்" என்று சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். கணினி வேலைசெய்யவேண்டும் என்பதுதான் வாடிக்கையாளரின் ஆசை என்று நினைத்து, நல்ல மனத்தோடு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தருபவர்கள் உண்டு. தட்டு தட்டும் சத்தம் போட்டால் சாதாரண கடை போதாது. தரவு மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் போகவேண்டும். செலவு கூட. அந்தச் செலவுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.

இன்னொன்றையும் பெண்களாகிய எமக்குள் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கணினிக்குள் எங்கள் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கு விபரங்களும் பிள்ளைகளின் ஆவணங்களும் இருக்கும். என்னைப் போன்றவர்களுடையதில் நோயாளரின் அந்தரங்கங்களும் இருக்கும். கடவுச்சொல்லை எழுதி ஒட்டிக் கொடுக்காதீர்கள். முடிந்தால் கழற்றிய தட்டை நீங்களே வைத்துக்கொண்டு கணினியை மட்டும் கொடுங்கள். எறியும்போதும் பழைய தட்டை அப்படியே பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

இனி வருமுன் காப்பது. 3-2-1 என்று நினைவில் வையுங்கள். எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வெளிநாட்டில் இருக்கும் சகோதரியிடமோ ஒன்று. வெளி வன்தட்டை எந்நேரமும் செருகி வைக்காதீர்கள். மின்னல் அடித்தால் இரண்டும் சேர்ந்து போகும். வருடத்தில் ஒருமுறையாவது அதைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, காலாவதித் திகதி பார்க்காத மருந்தைப் போன்றது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டோம். மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள். கணினியே இல்லை, தொலைபேசி மட்டும்தான் என்பவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். தண்ணீரில் விழுந்த தொலைபேசிக்கும் எழும்பாத கணினிக்கும் வித்தியாசம் இல்லை.

பிரதி எடுப்பது எமக்குப் புதிய பழக்கமா? ஏட்டுச் சுவடிகள் செல்லரிக்கும் என்று தெரிந்தே எம் முன்னோர் அவற்றைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார் என்றால், அதற்குக் காரணம் யாரோ பலர் வெவ்வேறு ஊர்களில் படியெடுத்து வைத்த ஏடுகள் அவர் கைக்குக் கிடைத்ததுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களைத் திரும்ப வாங்க முடிந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏடுகள் போனது போனதுதான். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்று ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களை எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்திருக்கிறது. அந்த இழப்பில் கற்ற பாடத்தைச் செயலில் காட்டுபவர்கள் அவர்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, எம்மில் பலர் ஒரு பையோடு வீதியில் நடந்தோம். நான் அப்போது ஒன்பதாம் ஆண்டு. அந்தப் பைகளில் எங்கள் அம்மாமார் எதை வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ், ஒன்றிரண்டு படங்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எது திரும்பக் கிடைக்காது என்பதும் தெரிந்திருந்தது. கணினி எழும்பாத நேரத்தில் எமக்கு வேண்டியதும் அந்த அம்மாமாரின் தெளிவுதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த மலருக்காகச் சேர்த்த அத்தனை கோப்புகளும் இப்போது மூன்று வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். ஒன்றைக் கொழும்புக் கிளையும், ஒன்றை வெளிநாட்டுக் கிளைகளுள் ஒன்றும் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் பொருளாளர் கணக்கு வாசித்த பிறகு, மூன்று தட்டுகளும் திறக்கின்றனவா என்று ஒருவர் அறிக்கை வாசிக்கட்டும். ஐந்து நிமிட வேலை. உங்கள் வீட்டு அலுமாரியில் கல்லூரிப் படம் ஏதும் இருந்தால், மூலப்படத்தை நீங்களே வைத்துக்கொண்டு ஒரு பிரதியை எமக்கு அனுப்புங்கள். மூத்த அக்காமாரே, உங்களுக்குத் தெரிந்த இல்லப் பாட்டுகளை இன்றைக்கே, இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன், ஒரு பிள்ளையின் தொலைபேசியில் பாடிவிட்டுப் போங்கள். அதை இரண்டு இடத்துக்கு அனுப்பும் பொறுப்பு அந்தப் பிள்ளையுடையது.